நாற்பத்தொரு பைட்

மூலநிரல் கிடைக்காது என்றார் டெஸ்மண்ட்.
ஒசாகாவிலிருந்து வந்தது கையெழுத்திட்ட ஒரு தாள்.
எங்கள் பங்குக்கு ஒரு துணிப்பை நிறையப் பத்துப் பென்ஸ் காசு.
"போய் விளையாடு, தெல்மா.
டிசம்பருக்குள் அது கேசட்டில் இருக்கவேண்டும்."

மோர்கம் கடற்கரை விளையாட்டுக் கூடத்தில்
மழைக்கு ஒதுங்கியவர்கள் நடுவே
வேலைக்கு வந்தவள் நான் ஒருத்திதான்.
ஒரு கை நெம்பியில், மறு கை கட்டம்போட்ட தாளில்.
கொக்கு ஒருமுறை சிறகடிக்க எத்தனை படம்?
ஆறு.
நான்கில் முடித்துக்கொள்ளலாம்.
செத்து விழ?
எண்ணுவதற்காகவே முப்பது தடவை சாகடித்தேன்.

அந்தப் பெட்டிக்குள் மூன்று மூளை.
எனக்கு ஒன்று, ரப்பர் பொத்தான்களுக்கு அடியில்.
நாற்பத்தெட்டு கே நினைவகம்,
அதில் ஏறக்குறைய ஏழு, மாதம் பிறக்குமுன் வாடகை போல
திரைக்கே போய்விடும்.

எட்டுக்கு எட்டுப் புள்ளி ஒரு கட்டம்.
கட்டத்துக்கு இரண்டே நிறம்.
சிவப்புக் கொக்கு மஞ்சள் மேகத்தை உரசினால்
மேகமும் சிவக்கும்,
வெள்ளைச் சட்டைகளோடு ஊறிப்போன
ஒற்றைச் சிவப்புக் காலுறை மாதிரி.
மூன்று வாரம் அந்தச் சாயத்தோடு மல்லுக்கட்டினேன்.
பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை
பகலையே எடுத்துவிட்டேன்.
கறுப்பு வானம். வெள்ளை மேகம். வெள்ளைக் கொக்கு.
"இரவா?" என்றார் டெஸ்மண்ட்.
"இரவுதான்."
அட்டைப்படத்தில் சூரியன் கொளுத்திக்கொண்டிருந்தது.
அது ஏற்கெனவே அச்சுக்குப் போயிருந்தது.

நடுவில் ஒருநாள் காசைப் போட்டுவிட்டுத் தேநீர் வாங்கப் போனேன்.
திரும்பி வந்தால்
கொக்கு ஒற்றைக்காலில் நிற்கிறது,
தலையை இறகுக்குள் செருகித் தூங்குகிறது.
முதல் அலை எதிரிகள் மேலே அசையாமல்,
எழுப்ப மனமில்லாதவர்கள் போல.

கையேட்டில் இல்லை. ஒப்பந்தத்தில் இல்லை.
யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.
பெயர் தெரியாத யாரோ
மற்றவர்கள் கடைசி ரயிலுக்கு ஓடியபின்
உட்கார்ந்து எழுதியிருக்க வேண்டும்.
தேநீர் ஆறும்வரை பார்த்தேன்.

பழைய படத்தையே மடித்து, கவிழ்த்து,
எப்படிக் கசக்கிப் பிழிந்தாலும்
தூக்கத்துக்கு நாற்பத்தொரு பைட்.
என்னிடம் மிச்சம் பத்தொன்பது.
டெஸ்மண்டிடம் நான் சொல்லவே இல்லை.
கிறிஸ்துமஸுக்கு
ஆயிரக்கணக்கான வீடுகளில்
கேசட் கீச்சிட்டு முடிந்ததும்
கொக்கு விழித்தபடி வந்து நின்றது.

பிப்ரவரியில் ஹார்ட்டில்பூலிலிருந்து ஒரு கடிதம்.
"அன்புள்ள ஐயா" என்று தொடக்கம்.
"கொக்கு தூங்கவில்லை. பதினைந்து நிமிடம் காத்திருந்தேன்.
சீட்டன் கேரூவில் இருக்கும் பெட்டியில் தூங்கும்.
இது பழுதா?
இப்படிக்கு, கோலின் ஹேதர்விக், வயது பதினொன்று."

காசு போட்டபின் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற
பையன் எப்படிப்பட்டவன்?
அந்தக் காசுக்கு ஒரு சின்னப் பொட்டலம் சிப்ஸ் வந்திருக்கும்.

பழுது இல்லை, இடம்தான் இல்லை என்று எழுத ஆரம்பித்தேன்.
அடித்துவிட்டேன்.
அந்த இரவு முழுக்க இருந்து
ஓர் அஞ்சலட்டையில் நாற்பத்தொரு எண்கள் எழுதினேன்,
கேசட்டை ஓட்டுமுன் தட்டவேண்டிய நாலு வரிகளும்.
கீழே, பொடி எழுத்தில்:
இரண்டாம் ஆட்டக்காரரின் மதிப்பெண் இருந்த இடத்தில்தான்
இது உட்காரும். அது இனித் தெரியாது. பரவாயில்லையா?

பதில் ஒரு வாரத்தில் வந்தது.

"ஐயா,
பரவாயில்லை. என் வீட்டில் இரண்டாம் ஆட்டக்காரர் கிடையாது.
இருபத்தெட்டாவது எண் ஏழா ஒன்றா என்று தெரியவில்லை,
மழையில் மை கலங்கியிருக்கிறது.
ஏழு போட்டேன், தூங்கியது.
ஒன்று போட்டேன், தலைகீழாகத் தூங்கியது,
வௌவால் போல.
ஒன்றையே வைத்துக்கொண்டேன்."

நான் எழுதியது ஏழு.
ஒன்றைப் போட்டால் என்ன ஆகும் என்று
நான் பார்த்ததே இல்லை.
கணினியைப் போட்டேன்,
கோட்டைக்கூடக் கழற்றாமல்.